கொப்புளம் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

தேயிலை விலை தரையோடு படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. தேவாலாவுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், நாங்கள் குடியிருந்தோம். ஆடி மாதம், மழை விட்ட நேரத்தைவிடப் பெய்த நேரம்தான் அதிகம். அப்போது நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி. எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. பெருவிரல்தான். ஆனால் பேச உட்கார்ந்தால் நிறுத்தவும் வராது. அதனால் அவளுக்குக் கை வலித்தால் நான் பொறுப்பில்லை.

நாங்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. எனக்கு ஒரே மகள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஒரு வினோதப் பழக்கம். வீட்டில் எது கெட்டுப் போனாலும் தூக்கிப் போட விடமாட்டாள். ரொட்டியில் பச்சையாகப் பூத்திருந்தால், அதை டப்பாவில் மூடி வைத்துத் தினமும் திறந்து பார்ப்பாள். ஒரு தடவை அவள் அப்பா அந்த டப்பாவைப் பர்பி என்று நினைத்துத் திறந்துவிட்டார். பாவம், அன்றைக்கு முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்துக்குப் போய், பூஞ்சையைப் பற்றியே படிக்கச் சேர்ந்தது. வீட்டில் டப்பாவில் செய்ததை அங்கே கண்ணாடித் தட்டில் செய்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவள் அப்பா சொல்லுவார்.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் கொப்புள நோயை. தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் இளங்கொழுந்தில் எண்ணெய் பட்டது மாதிரி ஒரு புள்ளி விழும். சில நாளில் இலையின் மேல்பக்கம் குழியும், அடிப்பக்கம் கொப்புளமாகப் புடைக்கும். அந்தப் புடைப்பு மாவு தடவினது போல வெளுத்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். அந்த மாவு காற்றில் பறந்து அடுத்த செடியில் உட்காரும். ஒரு மலையையே தின்றுவிடும்.

இதை மருந்தடித்துத்தான் அடக்குவார்கள். ஆனால் சில இடத்தில் மருந்தடித்த பிறகும் அடங்காமல் மறுபடி வருகிறது. அடங்குகிற பூஞ்சையும் அடங்காத பூஞ்சையும் ஒரே வம்சமா, வேறு வேறு வம்சமா? அதன் உடம்புக்குள்ளே இருக்கிற ஜீனைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவள் படிப்பு. இதில் ஒரு சிக்கல். மற்றப் பூஞ்சைகள் எல்லாம் கண்ணாடித் தட்டில் என்ன போட்டாலும் தின்று வளருமாம். இது மட்டும் உயிருள்ள தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறு எதிலும் ஒழுங்காக வளராதாம். அவ்வளவு ராங்கி. ஆகையால் ஒத்துப் பார்க்க மருந்தே படாத செடியில், சரியான பக்குவத்தில் கொப்புளத்தை எடுத்து, வாடாமல் கோயம்புத்தூர் கொண்டு போக வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் கொண்டு போனதெல்லாம் வழியிலேயே கருகிவிட்டது. இந்த மழையிலும் கிடைக்காவிட்டால் இந்தப் படிப்பு இவளுக்கு இல்லை என்று அவளுடைய டீச்சரம்மா சொல்லிவிட்டார்கள். அவளும் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள், இந்தத் தடவை நடக்கவில்லை என்றால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுகிறேன் என்று. வாக்குக் கொடுத்தால் மாறமாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

எங்கள் எஸ்டேட்டில் அப்போது ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். வாரத்தில் பாதி நாள்தான் வேலை, எடுத்த கொழுந்து வேறு ஃபேக்டரிக்குப் போகும். மருந்து வாங்க முதலாளிக்கு மனசில்லை. அதனால் கொப்புளம் கேட்பாரில்லாமல் பெருகிக் கிடந்தது. லீவில் வந்த என் மகளுக்கு மலையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. என்னைவிட மூத்தவள், என் கூடவே பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏன் தங்கச்சி, கொழுந்து போச்சேன்னு நாங்க வயித்துல அடிச்சிக்கிறோம், ஒம் மக என்னா கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரிக்கிறா?"

என் மகள் அதற்கும் சிரித்தாள்.

எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரியிடம் கேட்டு, மேல் மலையில் சாமிக்கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் செடிகளை மட்டும் கொழுந்தெடுக்காமல் விட்டு வைக்கச் சொன்னாள். எந்தக் கிளையில் புள்ளி விழுந்திருக்கிறது என்று அடையாளம் தெரிய, என் பழைய மஞ்சள் சீலையைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். பேப்பர் ஒட்டினால் மழையில் ஊறிப் போகும் பாருங்கள். மழையில் தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் மஞ்சள். வேறு எந்த யோசனையும் இல்லை. அடுத்த சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன், அதற்குள் வெளுத்துவிடும், யாரும் பறிக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் வேலை இருந்த நாளெல்லாம் எனக்குக் கீழ் மலையில்தான். சாயங்காலம் திரும்பும்போது அண்ணாந்து பார்ப்பேன். செடிகள் மொட்டையாகாமல் இருக்கும், மஞ்சள் துணி ஆடும். எனக்குப் பரம சந்தோஷம். பிள்ளை சொன்னதை எல்லோரும் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், மஞ்சள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று ஏறினேன். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு செடியும் மஞ்சள் குளித்துத் தங்கமாக நின்றது. கிளைக்குக் கிளை வேப்பிலை. நடுவில் சூடம் எரிந்த கரி. என் சீலைத் துணி எது, மற்றவர்கள் கட்டினது எது என்று ஒன்றும் புரியவில்லை. அக்கா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய காரியம் முடித்த முகத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"செடிக்கு அம்மை போட்டுருக்கு தங்கச்சி. ஒடம்பெல்லாம் முத்து முத்தா கொப்புளம். யாரோ புண்ணியவதி மஞ்சத் துணி கட்டி வுட்டுருக்கா. ஆடி வெள்ளிக்கு நாங்கள்லாம் சேந்து தலைக்குத் தண்ணி ஊத்திட்டோம். ஆத்தா குளுந்தா ஃபேக்டரி தொறக்கும் பாரு."

வேப்பிலை எங்கள் மழைக்காட்டில் ஏது? கூடலூர் சந்தைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். அம்மை கண்ட வீட்டில் என்ன செய்வோமோ அத்தனையும் ஒன்று விடாமல் செய்திருந்தார்கள். அக்காவிடம் "நல்லதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பிறகு திருப்பூர் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் மத்தியானம் மகள் தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கினாள். நான் நேராக மேலே கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தாள். ஒரு இலையைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். வெளுத்திருக்க வேண்டிய கொப்புளமெல்லாம் மஞ்சள் அப்பிக் கிடந்தது. சாமிக்கல்லின் மேல் உட்காரப் போனவள், சாமி என்று ஞாபகம் வந்து, பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். இரண்டும் கலந்து வந்ததில் விக்கல் எடுத்துவிட்டது.

மற்ற செடியில் பார்க்கலாமே என்றால், மலை முழுவதும் அந்த வாரம்தான் கொழுந்தெடுத்து முடித்திருந்தோம். இளங்கொழுந்து இல்லாத செடியில் கொப்புளம் எங்கே இருக்கும்? விட்டு வைத்ததே அந்தச் சில செடிகள்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா வீட்டு வாசலில் போய்க் கத்தலாம் என்று கிளம்பினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கத்தாதம்மா. நானே பேசுறேன்" என்றாள். லயத்துக் குழாயடியில் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். போய் நின்று, அது வேண்டுதல் துணி இல்லை, நான் படிப்புக்காகக் கட்டியது என்று சொன்னாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சீக்காளிக்குத் தண்ணி ஊத்துனது ஒரு குத்தமாடி? அப்ப அந்தச் சீக்கு போகக் கூடாதா?"

"போகக் கூடாது பெரியம்மா. எனக்கு அந்தச் சீக்குதான் வேணும். மஞ்சளும் வேப்பிலையும் ஆகாத ஒண்ணு இருக்குன்னா அது பூஞ்சைதான்."

"படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?"

அவள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். நமக்கு அப்பா அம்மா சாயல் வருகிற மாதிரி, அந்தக் கொப்புளத்துக்கும் அதன் அப்பன் பாட்டன் சாயல் உள்ளே இருக்கும், அதைப் பார்த்தால் எது மருந்துக்கு அடங்கும், எது அடங்காது என்று பிரிக்கலாம் என்றாள்.

"ஜாதகம் மாதிரியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஜாதகம் இல்லக்கா, சாயல். பெரியம்மா மூக்கு அவங்க மகளுக்கு வந்துருக்குல்ல, அது மாதிரி."

"அந்த மூக்காலதான் அவளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையல" என்று அக்காவே சொன்னாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். குழாயடி முழுவதும் சிரித்தது.

சிரிப்பு அடங்கினதும் அக்கா கேட்டாள், இப்போது என்ன செய்வாய் என்று. மகள் திருப்பூரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன். சும்மா இருந்தால்தானே என் வாய். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்தது என்று சொன்னேன். அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "ஓடைச் சரிவுல தேடிப் பாப்பம். நாளைக்கு ஞாயித்துக் கெழமதானே" என்றாள்.

ஓடைச் சரிவு என்பது எஸ்டேட்டின் கடைசி மூலை. ஆள் பற்றாமல் கைவிட்ட நிலம். தேயிலை ஆள் உயரத்துக்குக் காடாக வளர்ந்து கிடக்கும். அட்டைக்குப் பஞ்சமில்லை. காட்டெருமையும் வரும். கொழுந்தெடுக்க யாரும் போவதில்லை. ஆனால் யாரும் எடுக்காததால் இளங்கொழுந்து இருக்கும், வெயில் படாததால் கொப்புளமும் இருக்கும் என்று மகள் சொன்னாள்.

காலையில் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கித்தான் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேஸ்திரி கையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார், எருமை இருந்தால் விலகட்டும் என்று. மழை சாரலாகப் பெய்துகொண்டே இருந்தது. கொழுந்தெடுக்கிற வழக்கப்படியே ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக்கொண்டோம். வெள்ளையாக இருப்பதைத் தொடக் கூடாது, அந்த மாவு உதிர்ந்தால் போச்சு என்று மகள் எல்லோருக்கும் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினோம்.

இப்போதுதான் வேடிக்கை. எங்கள் கை எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து கொழுந்தைக் கண்டால் கிள்ளிப் பழகின கை. அக்கா முதல் கொப்புளத்தைப் பார்த்தாள். "இந்தா இருக்குடி!" என்று வாய் கூவுகிறது, அதற்குள் கை டக்கென்று கிள்ளித் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டது. முதுகில் கூடையே இல்லை. கொப்புளம் சேற்றில் விழுந்தது. அடுத்தது என்னுடையது. அதுவும் சேற்றில். திரும்பிப் பார்த்தால் ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் சேற்றில் கொழுந்து. மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, கிள்ளாதீங்கன்னு சொன்னேன்ல! பெரியம்மா, தூக்கிப் போடாதீங்க!" என்று அந்த நிரைக்கும் இந்த நிரைக்கும் வழுக்கி விழுந்து ஓடினாள்.

இந்தக் கையை என்னதான் செய்வது? அக்காதான் முதலில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நாங்களும் கட்டிக்கொண்டோம். கையைப் பின்னால் கட்டி, கழுத்தை நீட்டி, செடியை உற்று உற்றுப் பார்த்தபடி மெதுவாக நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் மேஸ்திரி எங்களைப் பார்த்துத் தகரத்தையே கீழே போட்டுவிட்டார்.

"என்னா இது, இத்தன தொரைங்க ஒண்ணா மலை பாக்க வந்துருக்காங்க!"

உண்மைதான். எஸ்டேட் மேனேஜர் துரை அப்படித்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் துரை. ஒருத்தி துரை மாதிரியே தொண்டையைக் கனைத்து, "ஏ மேஸ்திரி, இந்தச் செடிக்கு ஏன் கவ்வாத்து வெட்டல?" என்று கேட்டாள். ஃபேக்டரி பூட்டின நாளிலிருந்து எங்கள் பெண்கள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கையால் தொடாமல் இலையின் அடிப்பக்கத்தை எப்படிப் பார்ப்பது? உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம். மழைத் தண்ணீர் மூக்கில் ஏறியது. அந்த மூக்குக்கார அக்கா தும்மினால் ஓடைக்கு அந்தப் பக்கம் எதிரொலித்தது.

நேரம் போனது. வெளுத்தது கிடைக்கவே இல்லை. பாதிப் புள்ளி, பழுத்துக் கருகினது, இப்படியேதான் இருந்தது. சிரிப்பெல்லாம் ஓய்ந்துவிட்டது. கால் முழுக்க அட்டைக்கடி, குளிரில் பல் கிட்டியது. கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தவள்கூடத் திரும்பிப் போகவில்லை. வேண்டாம், போதும், போகலாம் என்று மகளே சொன்னாள். "நிரையைப் பாதியில வுட்டுட்டுப் போற வழக்கம் எங்களுக்கு இல்ல. ஒங்க காலேஜில வேணா இருக்கும்" என்று அக்கா சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

ஓடைக்குப் பக்கத்தில், பெரிய பலா மரத்தின் நிழலில் கடைசிச் செடிகள். முதலில் என் கண்ணில்தான் பட்டது என்று சொல்ல ஆசை. ஆனால் கூவினது அக்கா. கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கிளை கிளையாக அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று. மகள் மண்டி போட்டுச் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாகத் தண்டோடு வெட்டினாள். ஈரப் பஞ்சைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அடுத்தடுத்த நிரைக்காரிகளும் கூவ ஆரம்பித்தார்கள். "இங்க இருக்கு! இங்கயும் இருக்கு! எம்மாம் பெருசு பாருங்க!" கொப்புளத்தைக் கண்டு யாராவது இத்தனை சந்தோஷப்படுவார்களா?

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் மகளும் கிளம்பினோம். கூடலூர், ஊட்டி வரைக்கும் குளிர், கவலையில்லை. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் வெக்கை அடிக்க அடிக்க, அவள் பஞ்சை நனைத்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் வந்து பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, பொட்டியில மீனுங்களா? நாத்தமடிச்சா பஸ்ல ஏத்த மாட்டனுங்க."

"மீன் இல்லீங்க தம்பி, நோவுங்க" என்றேன் நான். அதற்கப்புறம் எங்கள் சீட்டுப் பக்கமே அவர் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் டீச்சரம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் நனைந்த சீலையோடு நின்றேன். அப்புறம் ஒரு குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார்கள். வெள்ளரி விதை மாதிரி நீட்டு நீட்டாக ஏதோ கிடந்தது. அதுதான் அந்த மாவாம். எங்கள் மலையைத் தின்ற மூஞ்சி இதுதானா, பார்க்க இவ்வளவு சாதுவாக இருக்கிறதே என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் அன்றைக்கே ஒன்றும் தெரியாதாம். அந்த மாவிலிருந்து ஜீனைப் பிரித்தெடுத்துப் பார்க்க நாளாகும், கெட்டுப் போயிருந்தால் எதுவும் வராது என்று சொல்லி என்னை ஊருக்கு அனுப்பினார்கள். அந்த நாட்கள் இருக்கிறதே, கொழுந்தெடுக்கும்போது பக்கத்து நிரையிலிருந்து தினமும் ஒருத்தி, "வந்துருச்சா?" என்பாள். இல்லை என்பேன். பிரசவத்துக்குப் போன பெண்ணைக் கேட்பது மாதிரியே கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம் ரோட்டோர டீக்கடைக்கு போன் வந்தது. கடைக்காரர் மேலே பார்த்துக் கை காட்டினார். நான் ஓடினேன், பின்னாலேயே எல்லோரும் ஓடி வந்தார்கள். மகள் இரண்டு வார்த்தைதான் சொன்னாள். "வந்துருச்சும்மா. தெளிவா வந்துருச்சு." நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு போன் பேசிப் பழக்கமில்லை, வாயில் வைக்கிற பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு, "எங்க சீக்கு நல்லாருக்காடி?" என்று கத்தினாள்.

மகள் திருப்பூருக்குப் போகவில்லை. படித்து முடித்து, இன்றைக்கு அவளே பிள்ளைகளுக்குப் பூஞ்சையைப் பற்றிச் சொல்லித் தருகிறாள். எங்கள் ஃபேக்டரி அந்த வருஷம் திறக்கவில்லை. அதற்கப்புறமும் திறக்கவில்லை. லயத்தில் இருந்தவர்கள் பல ஊருக்குப் போய்விட்டார்கள். அதையும் சொல்ல வேண்டுமல்லவா? நான் சந்தோஷக்காரிதான், ஆனால் நடந்ததை மாற்றிச் சொல்லமாட்டேன்.

ஜீன் என்றால் என்ன என்று என் மகள் எத்தனையோ தடவை சொல்லியும் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அன்று மழையில் நடந்தவர்களில் ஒருத்திக்கும் பிடிபட்டிருக்காது. எங்கள் பிழைப்பைக் கெடுத்த நோயை, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, அட்டைக்கடியோடு தேடி, கண்டதும் சந்தோஷமாகக் கூவினார்கள். அந்தக் கூவலைக் கேட்ட பிறகு, யாராவது என்னிடம் வந்து எனக்கு விளங்காத ஒன்றைத் தேடித் தரச் சொன்னால், அது என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னாலேயே நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.